தோள் தொங்கினால் தலைவன் இல்லையா? இளம் குவார்ட்டர்பேக்கின் உடல்மொழியைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க உட்காரும் புதியவர்களுக்கு விதிகள் இரண்டு மூன்று ஆட்டத்தில் பிடிபட்டுவிடும். பிடிபடாமல் போவது வர்ணனையாளர்களின் ஒரு பேச்சு. இருபத்திரண்டு வயது குவார்ட்டர்பேக் ஒருவர், அதாவது தாக்குதலை நடத்தும் வீரர், பந்தை எதிரணிக்காரர் கையில் எறிந்துவிட்டு வெளியே வருவார். கேமரா அவர் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தோள் தொங்கியிருக்கும், உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார். உடனே, "இவருடைய உடல்மொழி எனக்குப் பிடிக்கவில்லை" என்பார் ஒருவர். "அணியை வழிநடத்தக்கூடியவர்தானா என்று கேட்கத் தோன்றுகிறது" என்பார் பக்கத்தில் இருப்பவர். ஒரு பந்து தவறியதற்கும் தலைமைக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அவர்கள் காட்டுகிற இடத்தில் இல்லை என்பது என் கட்சி. அதைச் சொல்ல ஆட்டத்தின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நாற்பது விநாடிகள்

நாம் கால்பந்து என்று சொல்கிற ஆட்டம் நிற்காமல் ஓடும். இது அப்படி இல்லை. ஒரு முயற்சி சில விநாடிகளில் முடிந்துவிடும். பந்தை வைத்திருப்பவர் கீழே விழுவார், விசில் ஊதும், எல்லாரும் எழுந்து அடுத்ததற்குத் தயாராவார்கள். தாக்கும் அணிக்கு 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். நடுவில் பெரும்பாலும் 40 விநாடி அவகாசம். கடிகாரம் பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அடுத்த முயற்சியைத் தொடங்கியாக வேண்டும்.

தாக்கும் அணியில் பதினொரு பேர். பந்து ஏறக்குறைய எல்லா முயற்சியிலும் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் முதலில் வரும். அவர் எறியலாம், ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே எடுத்துக்கொண்டு ஓடலாம். அவருக்கு முன்னால் ஐந்து லைன்மேன்கள் நிற்பார்கள். ஆள் ஒவ்வொருவரும் 140 கிலோ பக்கம் இருப்பார்கள். எதிரணிக்காரர்கள் குவார்ட்டர்பேக் மேல் பாயாமல் தடுப்பதுதான் அவர்கள் வேலை. வேலை சரியாக நடந்தால் யாரும் அவர்களைக் கவனிக்க மாட்டார்கள். சறுக்கினால் மட்டும் பெயர் வெளியே வரும்.

இனி அந்த 40 விநாடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர் உண்டு. 1994 முதல் அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல் இதை அனுமதிக்கிறது. அடையாளத்துக்கு ஹெல்மெட்டின் பின்பக்கம் சின்னப் பச்சைப் புள்ளி ஒன்று இருக்கும். பயிற்சியாளர் அடுத்த திட்டத்தை அதில் சொல்வார். எந்த அமைப்பில் நிற்பது, யார் எந்தப் பாதையில் ஓடுவது, யாரைத் தடுப்பது எல்லாம் அடங்கிய நீளமான சங்கேதத் தொடர் அது. கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். அதற்குப் பிறகு பயிற்சியாளர் உதவி கிடையாது.

கேட்டதை அப்படியே பத்துப் பேரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். வட்டமாகக் குனிந்து நிற்கிற அந்தக் கூட்டத்துக்கு ஹடில் என்று பெயர். மூச்சு வாங்க, வியர்வை ஒழுக, சிலர் விரல் பிசகிப்போய் நிற்பார்கள். பத்து ஜோடிக் கண்ணும் ஒரே முகத்தில் இருக்கும். திட்டத்தை உளறாமல் சொல்கிறாரா? பாதியில் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கிறாரா? போன முயற்சியில் பந்தை நழுவவிட்ட ரிசீவரை (எறியும் பந்தைப் பிடிப்பவரை) நேராகப் பார்க்கிறாரா, இல்லை அவரைத் தாண்டிப் பார்வையை ஓட்டுகிறாரா? இதெல்லாம் அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். டிவியில் பார்க்கிற நமக்குத் தெரிவது பெரும்பாலும் பத்து முதுகுகள்தான்.

அப்புறம் கோட்டில் போய் நிற்பார்கள். எதிரணியின் மைதானம் என்றால் எழுபதாயிரம் பேர் கத்துவார்கள், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அப்போது குரலுக்கு வேலை இல்லை. குவார்ட்டர்பேக் ஒரு காலைத் தூக்கி வைப்பார். திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் கார்டு என்ற லைன்மேன் அதைக் கண்டதும், நடுவில் பந்தோடு இருக்கும் சென்டரைத் தட்டுவார். சென்டர் பந்தைப் பின்னால் அனுப்புவார். உடல்மொழி என்று சொல்லியே பயிற்சி கொடுக்கிற வேலை இது.

சொல்லப்போனால் ஹடிலே சைகையிலிருந்து பிறந்தது என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியின் அணி 1890களில் ஆடியபோது, தன் கைச்சைகைகளை எதிரணி படித்துவிடக் கூடாதென்று குவார்ட்டர்பேக் பால் ஹப்பர்ட் தன் ஆட்களை வட்டமாகச் சேர்த்துக்கொண்டாராம்.

ஆக, இந்த ஆட்டத்தில் உடல்மொழியைப் பற்றிப் பேசுவது வெறும் வம்பு இல்லை. குவார்ட்டர்பேக்கின் உடம்பு ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது முறை பத்துப் பேருக்குச் செய்தி சொல்கிறது. செய்தி போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பத்துப் பேர் என்பதைத்தான் வர்ணனையில் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுகிற கதை ஒன்று இருக்கிறது. 1989 ஜனவரி 22, மயாமியில் சூப்பர் பௌல், அதாவது என்.எஃப்.எல் இறுதி ஆட்டம். சான் ஃபிரான்சிஸ்கோ அணி சின்சினாட்டியிடம் 13-16 என்று பின்தங்கியிருக்கிறது. மிச்சம் இருப்பது 3 நிமிடம் 10 விநாடி, போக வேண்டிய தூரம் 92 கஜம். லைன்மேன் ஹாரிஸ் பார்ட்டன் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா அவரிடம் கூட்டத்தைக் காட்டி, அதோ நிற்பது நடிகர் ஜான் கேண்டிதானே என்று கேட்டார். பிறகு 11 முயற்சியில் 92 கஜத்தையும் கடந்து, 34 விநாடி மிச்சம் இருக்கையில் ஜான் டெய்லருக்கு எறிந்து 20-16 என்று வென்றார்கள்.

"எவ்வளவு நிதானம் பாருங்கள்" என்று சொல்லித்தான் இந்தக் கதையை முடிப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. மான்டானா அதைக் கேமராவுக்காகச் சொல்லவில்லை. பதற்றத்தில் இருந்த ஓர் ஆளிடம் சொன்னார். அப்போது அவருக்கு 32 வயது, கையில் ஏற்கெனவே இரண்டு சூப்பர் பௌல் மோதிரங்கள். அவரை அளவுகோலாக வைத்து இருபத்திரண்டு வயதுக்காரரை அளப்பது என்ன நியாயம்?

முகத்தை நம்பாதீர்கள்

முகத்தைப் பார்த்துத் தலைமையை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈலை மானிங்கைவிட நல்ல சாட்சி கிடையாது. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரத் தேர்வில், 2004-இல் முதல் ஆளாகத் தேர்வாகி நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வந்தவர். அண்ணன் பெய்ட்டன் மானிங் அப்போதே பெரிய ஆள். தம்பிக்கு இயல்பாகவே ஒரு முகம் உண்டு. ஏதாவது தவறினால் வாய் லேசாகத் திறந்து, புருவம் ஏறி, கணக்குப் பரீட்சையில் கேள்வித்தாள் மாறி வந்த பையன் மாதிரி நிற்பார். முதல் பருவத்தில் பால்டிமோரில் எறிந்த 18 பந்தில் 4 தான் சரியாகப் போய்ச் சேர்ந்தது. கிடைத்தது 27 கஜம். நியூயார்க் பத்திரிகைகள் சும்மா விடுமா?

2007 நவம்பரில் மினசோட்டாவுக்கு எதிராக நான்கு முறை பந்தை எதிரணியிடம் எறிந்தார். அதில் மூன்றை அவர்கள் நேராக டச்டவுனுக்கு, அதாவது கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறும் இடத்துக்கு, கொண்டு போனார்கள். 17-41 தோல்வி. ஆள் மிரண்டுபோனவர் மாதிரி தெரிந்தார் என்று அவருடைய அணியின் பொது மேலாளரே வெளிப்படையாகச் சொல்லும் நிலை.

அதிலிருந்து பத்து வாரம் கழித்து, 2008 பிப்ரவரி 3 அன்று, அதுவரை 18 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காத நியூ இங்கிலாந்தை அதே முகத்தோடு 17-14 என்று தோற்கடித்தார். கடைசி முயற்சித் தொடர் 83 கஜம். ஆட்ட நாயகன் விருதும் அவருக்குத்தான். நான்கு வருடம் கழித்து அதே அணியை மறுபடியும் சூப்பர் பௌலில் தோற்கடித்தார், மறுபடியும் ஆட்ட நாயகன். நடுவில் முகம் எதுவும் மாறவில்லை. 2004 முதல் 2017 வரை 210 வழக்கமான பருவ ஆட்டங்களில் விடாமல் அவர்தான் தொடக்க குவார்ட்டர்பேக். கூட ஆடியவர்களுக்கு அந்த முகம் ஒரு பொருட்டே இல்லை. மறுநாளும் இதே ஆள்தான் இதே மாதிரி வந்து நிற்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முகம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 2012-இல் ஹிலெல் அவியேஸரும் அவர் சகாக்களும் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. தொழில்முறை டென்னிஸ் வீரர்கள் ஒரு புள்ளியை வென்ற கணத்திலும் இழந்த கணத்திலும் எடுத்த படங்களை ஆட்களிடம் காட்டினார்கள். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது வென்றவர் யார், தோற்றவர் யார் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முகத்தை மறைத்து உடம்பை மட்டும் காட்டியபோது சொல்லிவிட்டார்கள். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது முகம் ஒரே மாதிரிதான் கோணுகிறது. கையும் தோளும்தான் வேறுபடுத்திக் காட்டுகின்றன.

டிவி செய்வது இதற்கு நேர் எதிர். தவறு நடந்ததும் முகத்துக்குத் தாவுகிறது. முந்தைய காட்சி தவறு என்பதால் அடுத்து வரும் முகம் எதுவாக இருந்தாலும் நமக்கு அது தோற்றவன் முகமாகத்தான் தெரியும். சிரித்தால் அக்கறை இல்லாதவர், இறுகினால் நொறுங்கிப்போனவர், வெறுமையாக இருந்தால் தொலைந்துபோனவர். எப்படி வைத்துக்கொண்டாலும் தப்பு.

ஜே கட்லர் இதில் மாட்டிக்கொண்டவர்களில் முக்கியமானவர். 2011 ஜனவரியில் சிகாகோவில் கிரீன் பே அணியோடு நடந்த அரையிறுதிக்குச் சமமான ஆட்டத்தில், முழங்காலில் அடிபட்டு மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தில் வெளியேறினார். பிறகு எந்த உணர்ச்சியும் காட்டாமல் ஓரத்தில் நின்றார். ஆட்டம் முடிவதற்குள்ளேயே மற்ற அணிகளின் வீரர்கள் ட்விட்டரில் அவரைக் கோழை என்கிற அளவுக்குப் பேசிவிட்டார்கள். அவருடைய சட்டையைச் சில ரசிகர்கள் எரித்தார்கள். மறுநாள் ஸ்கேனில் முழங்கால் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரு முகத்தைப் படித்து, ஒரே மாதிரித் தப்பாகப் படித்தார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

உடம்பு யார் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

எளிய உதாரணம் உள்ளங்கை. ஒரு பந்து வெற்றிடத்தில் போய் விழுகிறது. குவார்ட்டர்பேக் இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை மேலே தெரிய, "என்ன இது?" என்கிற மாதிரி நிற்கிறார். இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். பந்து எறிவதில் இருக்கும் ஒரு நுட்பம் தெரிந்தால் தப்பு புரியும். பல எறிகளில், ரிசீவர் திரும்புவதற்கு முன்பே, அவர் வரப்போகிற இடத்துக்குப் பந்து கிளம்பிவிடும். அவர் இடதுபக்கம் வெட்ட வேண்டிய இடத்தில் நேராக ஓடிவிட்டால் பந்து அநாதையாக விழும். எறிந்தவர் திட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அதே காட்சிதான். யார் தவறு என்று வெளியில் இருப்பவர்களால் சொல்ல முடியாது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். இந்த நிலையில் கையை விரிப்பது, அறுபதாயிரம் பேருக்கு முன்னால் "தப்பு என்னுடையது இல்லை" என்று அறிவிப்பது. அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? அந்த ரிசீவர்.

இதற்கு எதிர்ச்சைகை ஒன்று உண்டு. நெஞ்சில் இரண்டு தட்டு. என் தப்பு என்று பொருள். தவறு ரிசீவருடையது என்று தெரிந்தும் குவார்ட்டர்பேக் நெஞ்சைத் தட்டிக்கொண்டால் அந்த ரிசீவருக்கு அது புரியும். அடுத்த முறை உயிரைக் கொடுத்து ஓடுவார்.

2025-இல் சிகாகோ பேர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்த பென் ஜான்சன், தன் இளம் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸிடம் திருத்த நினைத்த விஷயங்களில் இந்த உள்ளங்கை விரிப்பும் ஒன்று. அதைப் பத்திரிகையாளர்களிடமே பேசினார். கை விரிப்பது பலவீனத்தின் அடையாளம் என்பது அவர் கருத்து. இதில் எனக்குப் பிடித்தது, வெறுமனே "தலைமைப் பண்பு இல்லை" என்று சொல்லாமல் குறிப்பாக ஒரு சைகையைத் தொட்டுக் காட்டியதுதான். தலைமைப் பண்பு இல்லை என்று சொன்னால் அந்தப் பையன் என்ன செய்ய முடியும்? கையை விரிக்காதே என்றால் நாளைக் காலையே பழகலாம்.

ஆனால் வில்லியம்ஸ் அந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024-இல் முதல் ஆளாகத் தேர்வானபோது வயது 22. முதல் பருவத்தின் 17 ஆட்டத்தில் 68 முறை அவரைப் பந்தோடு சேர்த்துத் தரையில் சாய்த்தார்கள். பருவத்தின் நடுவில் அவருடைய தாக்குதல் பயிற்சியாளரை அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியில் தலைமைப் பயிற்சியாளரையும் அனுப்பினார்கள். தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்றார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒருவர் கையை விரிப்பதை மட்டும் தனியே எடுத்து, பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியுமா? அடுத்த பருவத்தில் அவர் சாய்க்கப்பட்ட எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது, அணி 11 ஆட்டம் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. உடல்மொழி சரியானதால் அணி தேறியதா, அணி தேறியதால் உடல்மொழி சரியானதா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். ஆனால் இரண்டாவதன் பங்கை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

இதே வில்லியம்ஸ் 2023 நவம்பரில் கல்லூரி அணிக்கு ஆடி, வாஷிங்டனிடம் 42-52 என்று தோற்றதும் பார்வையாளர் வரிசையில் ஏறி, அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதார். அதை வைத்தும் வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. ஆட்டம் முடிந்த பிறகு ஒரு பையன் அம்மாவிடம் அழுவதிலிருந்து, அவர் ஹடிலில் எப்படி நிற்பார் என்று எதைத் தெரிந்துகொள்ள முடியும்? ஒன்றும் முடியாது. அந்த நேரத்தில் அவர் உடல்மொழிக்கு வாசகர்களாக அணியினர் யாரும் இல்லை.

கைக்கு அடுத்து நான் பார்ப்பது பெஞ்ச். பந்து எதிரணியிடம் போனதும் குவார்ட்டர்பேக்குக்கு ஐந்து, பத்து நிமிடம் கிடைக்கும். கையில் டேப்லெட் கொடுப்பார்கள், போன முயற்சிகளின் படங்கள் அதில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ரிசீவர்கள் பக்கம் போய் உட்காருகிறாரா? லைன்மேன்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைக்கு நடந்து போய் ஒவ்வொருவர் தோளிலும் தட்டுகிறாரா? இல்லை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி இருக்கையில் தனியாக இருக்கிறாரா? ஒரு முறை தனியாக உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை, மனிதர்தானே. ஒவ்வொரு முறையும் அதே இருக்கை என்றால் கவனிக்கலாம்.

அப்புறம் மற்றவர்களின் உடம்பு. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது. குவார்ட்டர்பேக் தன் கையையும் முகத்தையும் பழக்கிக்கொள்ளலாம். இதற்கென்று பயிற்சி கொடுக்கிற ஆட்களே இருக்கிறார்கள். பத்துப் பேரின் உடம்பை அவரால் பழக்க முடியாது. அவர் தரையில் சாய்க்கப்பட்டதும் லைன்மேன்கள் ஓடி வந்து கை கொடுத்துத் தூக்குகிறார்களா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பி நடக்கிறார்களா? விசிலுக்குப் பிறகு எதிரணிக்காரர் அவரைத் தள்ளினால் யாராவது குறுக்கே பாய்கிறார்களா? பந்தைத் தவறவிட்ட ரிசீவர் அவர் பக்கம் வருகிறாரா, விலகிப் போகிறாரா? இதை நடிக்க முடியாது.

ஒரே ஒரு "இல்லை"

அந்த உறவு ஒரு நாளில் எப்படி முறியும் என்பதற்கு ஸாக் வில்சன் கதை. 2021-இல் இரண்டாவது ஆளாகத் தேர்வாகி நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு வந்தவர். 2022 நவம்பர் 20, நியூ இங்கிலாந்தோடு ஆட்டம். ஜெட்ஸின் தடுப்பு அணி (எதிரணி தாக்கும்போது இறங்கும் தனி ஆட்கள்) எதிரணியை ஒரு டச்டவுன்கூடப் போடவிடவில்லை. ஆனால் வில்சன் தலைமையில் தாக்கும் அணி இரண்டாவது பாதி முழுவதும் சேர்த்து எடுத்தது 2 கஜம். ஐந்து விநாடி மிச்சம் இருக்கும்போது, ஜெட்ஸ் உதைத்த பந்தை எதிரணியின் மார்கஸ் ஜோன்ஸ் 84 கஜம் ஓடிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 3-10 தோல்வி.

ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர் ஒருவர் கேட்டார்: இன்று நீங்கள் தடுப்பு அணியைக் கைவிட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா? வில்சன் சொன்ன பதில், "இல்லை".

அன்று மைதானத்தில் அவர் கையை விரித்தாரா, தோளைத் தொங்கவிட்டாரா என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த ஒரு சொல்தான் ஞாபகம். அறுபது நிமிடம் ஓடித் தடுத்து, எதிரணியை 3 புள்ளியில் நிறுத்தி வைத்திருந்தவர்கள் அதை உடைமாற்றும் அறையில் கேட்டார்கள். அடுத்த வாரம் அவர் உட்கார வைக்கப்பட்டார். அவர் இடத்தில் இறங்கிய மைக் வைட் தலைமையில் ஜெட்ஸ் 31-10 என்று வென்றது. வில்சன் பிறகு அணியினரிடம் மன்னிப்புக் கேட்டார். வயது 23. நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டுவதும், கேள்விக்கு "ஆமாம், என் தப்புதான்" என்று சொல்வதும் ஒரே செயல்தான். ஒன்றில் கை, இன்னொன்றில் வாய்.

யாருடைய உடல் என்பதும் முக்கியம்

இதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பை எழுத முடியாது. அமெரிக்க ஃபுட்பாலில் கறுப்பின வீரர்களுக்குக் குவார்ட்டர்பேக் இடம் நீண்ட காலம் மறுக்கப்பட்டது. தலைமையும் சிந்தனையும் தேவைப்படும் இடம் அது, அவர்களுக்குச் சரிவராது என்று சொல்லி வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். வாரன் மூனை 1978-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. கனடா போய், எட்மண்டன் அணிக்காகத் தொடர்ந்து ஐந்து கோப்பை வென்ற பிறகுதான் என்.எஃப்.எல் கதவு திறந்தது. கடைசியில் புகழ்மன்றத்திலும் இடம் பிடித்தார்.

எழுத்தில் தடை இல்லாமல் போன பிறகும், "உடல்மொழி" என்ற சொல்லுக்குள் அந்தப் பழைய எண்ணம் ஒளிந்துகொள்ள முடியும். கேம் நியூட்டன் 2011 தேர்வுக்கு வந்தபோது ஒரு மதிப்பீட்டு அறிக்கை அவருடைய சிரிப்பைப் போலிச் சிரிப்பு என்று எழுதியது. சிரிப்பு போலியா அசலா என்பதை எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று தெரியவில்லை. முதல் பருவத்திலேயே அவர் 4,000 கஜத்துக்கு மேல் எறிந்தார். அந்தப் பருவத்தில் தோற்கும்போது தலையில் துண்டு போட்டு உட்கார்ந்தார் என்று பேச்சு, பிறகு வெல்லும்போது ரொம்ப ஆடிப் பாடுகிறார் என்று பேச்சு.

2016 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் டென்வரிடம் 10-24 என்று தோற்றார். கடைசிக் கட்டத்தில் வான் மில்லர் தட்டிவிட்ட பந்து தரையில் உருள, நியூட்டன் ஓர் அடி முன்னால் வைத்துப் பின்வாங்கினார், பாயவில்லை. பிறகு பத்திரிகையாளர் சந்திப்பில் சட்டையோடு சேர்ந்த தலைமூடியைப் போட்டுக்கொண்டு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, மூன்று நிமிடத்துக்குள் எழுந்து போய்விட்டார். திரைக்கு அந்தப் பக்கம் வென்ற அணிக்காரர் ஒருவர், அவரை எப்படி மடக்கினோம் என்று விளக்கிக்கொண்டிருந்தது அவர் காதிலும் விழுந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பந்தின் மேல் பாயாதது மைதானத்துக்குள் நடந்தது, பத்துப் பேர் பார்த்தது. அதைக் கேட்பது நியாயம். எழுந்து போனது ஆட்டம் முடிந்த பிறகு. அதை வைத்துத் தலைமையை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதலில் அந்த வீரரின் வழக்கம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். வெல்லும்போது எப்படி இருக்கிறார் என்று பார்க்காமல் தோற்கும்போது மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. ஜாக்சன்வில்லின் ட்ரெவர் லாரன்ஸ் 2023 ஜனவரியில் ப்ளே-ஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தின் முதல் பாதியிலேயே நான்கு முறை பந்தை எதிரணியிடம் எறிந்தார். ஸ்கோர் 0-27. பிறகு நான்கு டச்டவுன் எறிந்து 31-30 என்று வென்றார். இந்த ஆட்டத்தை முழுதாகத் தேடிப் பாருங்கள், பாடம் மாதிரி இருக்கும். முதல் தவறுக்கும் நான்காவது தவறுக்கும் பிறகு பெஞ்சுக்கு எப்படி வருகிறார், யார் அவரிடம் வருகிறார்கள் என்று மட்டும் கவனித்தால் போதும்.

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2019 அக்டோபரில் 22 வயது சாம் டார்னல்ட், ஜெட்ஸுக்காக ஆடி 0-33 என்று தோற்ற ஆட்டத்தின் நடுவில், பெஞ்சில் தன் பயிற்சியாளர்களிடம் "எனக்குப் பேய்கள் தெரிகின்றன" என்றார். இல்லாத எதிரிகள் பாய்வதுபோல் தோன்றுகிறது என்று பொருள். சட்டையில் மாட்டியிருந்த மைக் அதை நாடு முழுவதும் ஒலிபரப்பிவிட்டது. பல வருடம் அந்த வாக்கியம்தான் அவர் பெயருக்கு அடைமொழி. தன் பயிற்சியாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன ஓர் இளைஞரை நாம் அப்படித்தான் நடத்தினோம். 2024-இல் அதே டார்னல்ட் மினசோட்டாவை 17 ஆட்டத்தில் 14 வெற்றிக்குக் கொண்டு போனார்.

முடிந்தால் ஆல்-22 என்கிற காட்சியைத் தேடிப் பாருங்கள். பயிற்சியாளர்கள் பயன்படுத்துவது. மேலே உயரத்திலிருந்து எடுத்தது, மைதானத்தில் இருக்கும் 22 பேரும் ஒரே சட்டத்துக்குள் தெரிவார்கள். முகம் எதுவும் தெரியாது. என்.எஃப்.எல் தன் சந்தாதாரர்களுக்கும் இதைத் தருகிறது. ஓர் ஆட்டத்தை முதலில் டிவி ஒளிபரப்பில் பாருங்கள், குவார்ட்டர்பேக்கைப் பற்றித் தோன்றியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மறுநாள் அதே ஆட்டத்தை ஆல்-22 காட்சியில், விசிலுக்குப் பிறகு வரும் இரண்டு மூன்று விநாடிகளை மட்டும் குறிவைத்துப் பாருங்கள். காட்சி அடுத்த முயற்சிக்கு வெட்டப்படுவதற்குள் அவ்வளவுதான் கிடைக்கும். யார் யாரை நோக்கி நடக்கிறார்கள் என்பதற்கு அது போதும்.